புரூஸ்டர் சாலை மருத்துவர்

ஈப்போ நகரின் நடுவே செல்லும் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவுக்கு முன்பு புரூஸ்டர் சாலை என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் அச்சாலையில் ஒரு சிறிய மருந்தகம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவர் குள்ளமான உருவமும் வட்டக் கண்ணாடியும் உடையவர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புண், இருமல் என்று வருவோரை அவர் பொறுமையாகச் சோதித்தார். கையில் பணமில்லாத ஏழைகளிடம் கட்டணம் கேட்கவில்லை. மருந்துப் புட்டியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களுள் பலருக்குத் தம்மைத் தொட்டுப் பார்த்தவர் யார் என்பது தெரியாது. அறுபதாயிரம் பேரைக் கொன்ற ஒரு நோயை, அது இன்னது என்று முதலில் கண்டறிந்து தடுத்து நிறுத்திய மருத்துவர் அவர். பெயர் டாக்டர் வூ லியன் தே.

அக்காலப் பேராவில் இருமல் சாதாரண நோயன்று. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள். அவற்றைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். சுரங்கத் தொழிலாளர்கள் நெருக்கமான கொட்டகைகளில் தங்கினர். தோட்டத் தொழிலாளர்கள் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகளாக நீண்டு கிடந்த லயங்களில் குடியிருந்தனர். ஒருவர் இருமினால் சுவருக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்கும். இருமல் வாரக்கணக்கில் நீடித்து, ஒரு நாள் சளியில் இரத்தம் கண்டுவிட்டால் வீட்டார் நடுங்கிப் போவர். காசம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சுவர். இரத்தம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அது ஏன் வருகிறது என்பதுதான் தெரியாது. வூ லியன் தேயின் வாழ்க்கையில் மிகப் பெரிய சோதனையாக வந்ததும் இதே கேள்விதான். ஆனால், அது ஈப்போவில் வரவில்லை. உறைபனி மூடிய வேறொரு நாட்டில் வந்தது.

வூ லியன் தே 1879ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். அவருடைய தந்தையார் சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் பினாங்கிலேயே பிறந்தவர். பதினொரு பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தில் இவர் எட்டாவது பிள்ளை. பினாங்கு பிரீ பள்ளியில் பயின்ற அவர், 1896இல் மகாராணியார் உபகாரச் சம்பளத்தை வென்றார். பதினேழு வயதில் கப்பலேறி இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன மாணவர் அவரே.

பின்னர், இலண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். பட்டம் பெற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. லிவர்பூலில் சர் ரொனால்ட் ரோஸிடம் மலேரியாவைப் பற்றிக் கற்றார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தவர் இந்த ரோஸ்தான். அடுத்து ஜெர்மனியின் ஹாலே நகரிலும் பாரிஸ் பாஸ்டர் கழகத்திலும் நுண்ணுயிரியல் பயின்றார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நோயாளியின் முகத்தையும் நாடியையும் மட்டும் பார்த்து நோயைச் சொல்லும் பழைய வழக்கம் மாறி, சளியையும் இரத்தத்தையும் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கம் வேரூன்றிக்கொண்டிருந்தது. இளம் மருத்துவர் வூ அப்புதிய வழியில் தேர்ந்தார்.

1903இல் அவர் மலாயா திரும்பினார். கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பட்டிருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சேர்ந்து பெரிபெரி நோயை ஆராய்ந்தார். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இறுதியில் இதயம் நின்றுபோகும் அந்நோய் ஈயச் சுரங்கங்களின் சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. தோட்டத்துத் தமிழர்களையோ அது அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கப்படி புழுங்கலரிசிச் சோறு உண்டார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டார்கள். தவிட்டோடு போய்விடும் சத்துக் குறைவே நோய்க்குக் காரணம் என்பதை மலாயா மருத்துவர்கள் பலர் சில ஆண்டுகளில் படிப்படியாக நிறுவினர். ஒரே நாட்டில், ஒரே வெயிலில் உழைக்கும் இரு கூட்டத்தாரில் ஒரு கூட்டம் மட்டும் ஏன் நோயுறுகிறது என்று கேட்டதால் கிடைத்த விடை அது.

அரசு மருத்துவத் துறையின் உயர்பதவிகள் அப்போது வெள்ளையர்களுக்கே உரியவையாக இருந்தன. கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றவராயினும் வூவுக்கு அங்கே வளர வழியில்லை. எனவே, பினாங்கு திரும்பி சூலியா தெருவில் சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். அங்குதான் அபினி தின்ற உடல்களை அன்றாடம் கண்டார். அபினி அன்று தடைசெய்யப்பட்ட பொருளன்று. அரசுக்கு வரி ஈட்டித் தந்த பொருள். 1906ஆம் ஆண்டு மார்ச் திங்களில், நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள் ஆகியவற்றின் முதல் அபினி எதிர்ப்பு மாநாடு ஈப்போவில் கூடியது. அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் இருபத்தேழு வயது வூ. அவ்வணிகத்தால் செல்வம் சேர்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? மறு ஆண்டில் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. மருந்துக்காக வைத்திருந்த ஓர் அவுன்சு அபினிக் கரைசல் அகப்பட்டது. அபினியை எதிர்த்தவரே அபினி வைத்திருந்த குற்றத்துக்காகத் தண்டம் கட்ட நேர்ந்தது. அந்த மனப்புண் ஆறுமுன்னரே சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்சின் நகரில் இருந்த பேரரசு இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராக 1908இல் அவர் பொறுப்பேற்றார்.

1910ஆம் ஆண்டு இறுதியில் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவிலிருந்து அச்சமூட்டும் செய்திகள் வந்தன. ரஷ்ய எல்லை அருகே தொடங்கிய ஏதோ ஒரு நோய் இருப்புப்பாதை வழியே ஊர் ஊராகப் பரவி, ஹார்பின் நகரை அடைந்திருந்தது. நோய் கண்டவர் யாரும் பிழைக்கவில்லை. அரசு வூவை அங்கு அனுப்பியது. டிசம்பர் திங்கள் 24ஆம் நாள், ஒரு மாணவ உதவியாளரோடும் ஒரு நுண்ணோக்கியோடும் அவர் ஹார்பின் நிலையத்தில் இறங்கினார். குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 25, 30 பாகை. மலாயாவின் வெயிலில் பிறந்து வளர்ந்தவருக்கு மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருந்திருக்கும்.

நகரை அடுத்த பூஜியாதியன் என்ற சீனக் குடியிருப்பில்தான் சாவு மிகுதி. அங்கே ஏறத்தாழ 24,000 பேர் வாழ்ந்தனர். நோய் எல்லாரிடமும் ஒரே விதமாக நடந்துகொண்டது. முதலில் காய்ச்சலும் தலைவலியும் வரும், அடுத்து இருமல். ஒரு நாளுக்குள் சளி நுரையோடு இளஞ்சிவப்பாகும். பிறகு பளிச்சென்ற சிவப்பு இரத்தமே வரும். தோல் கருநீலமாக மாறும். இரத்தம் கண்ட மறுநாளே பலர் இறந்துவிடுவர்.

இரத்தம் வருவதால் மட்டும் ஒரு நோய்க்குப் பெயர் சூட்டிவிட முடியாது. வூ தாம் கற்றதை எல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. காசநோயிலும் சளியில் இரத்தம் வரும். ஆனால், அது மெல்லத் தின்னும் நோய். மாதக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு என்று அடையாளம் காட்டிக்கொண்டே வரும். இரண்டு நாளில் ஆளைக் கொல்லாது. நிமோனியா காய்ச்சல் விரைவாக வரும்; அதன் சளியோ துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும். நெஞ்சைத் தட்டிப் பார்த்தால் நுரையீரல் இறுகியிருப்பது தெரியும். ஹார்பின் நோயாளிகளின் சளி நீர்த்து, நுரைத்து, செக்கச்செவேலென்று இருந்தது. நெஞ்சைத் தட்டிக் கேட்டபோது, சாகும் நிலையில் இருப்பவருக்குரிய ஒலிகள் அவ்வளவாகக் கேட்கவில்லை. நிமோனியா என்றால் ஒரு வீட்டில் ஒருவருக்கு வரலாம். இங்கோ ஒரு வீட்டில் ஒருவர் இருமினால் சில நாளில் அவ்வீடே காலியானது.

பிளேக் என்ற ஐயம் எல்லோருக்கும் இருந்தது. பம்பாயில் 1896 முதல் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற பிளேக்கை மருத்துவ உலகம் மறந்துவிடவில்லை. ஆனால், அன்றைய நூல்களில் இருந்த பிளேக் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருவது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்ட வைப்பது. ஹார்பினில் இறந்தவர்களுக்கு நெறிகட்டவில்லை. அங்கிருந்த ஜப்பானிய மருத்துவர் ஒருவர் எலிகளை அறுத்து அறுத்துப் பார்த்தும் ஒன்றில்கூடக் கிருமி அகப்படவில்லை.

உடலை அறுத்துப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது. இறந்தவர் உடலை அறுப்பதைச் சீன மரபு பெரும்பாவமாகக் கருதியது. டிசம்பர் 27ஆம் நாள், விடுதி நடத்தி வந்த ஜப்பானியப் பெண் ஒருவர் நோயால் இறந்தார் என்ற செய்தி கிடைத்தது. வூ தம் உதவியாளருடன் விரைந்தார். சிறிய, மங்கலான அறை. பாயின் மேல் கிடத்திய உடல். இதயத்திலிருந்து இரத்தத்தையும், நுரையீரல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து சிறு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, உடலை மீண்டும் முறையாகத் தைத்து அடக்கத்துக்கு அனுப்பினர். சாயமிட்ட கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, இரு முனைகளிலும் சாயம் பிடித்த முட்டை வடிவக் கிருமிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் கண்டறிந்த பிளேக் கிருமியேதான். நகர அதிகாரிகளையும் அழைத்து நுண்ணோக்கிக்குள் பார்க்கச் செய்தார் வூ. கண்டது என்னவென்று அவர்களுக்கு முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, அவர் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள்.

கிருமி அதுவே என்றால் எலி எங்கே? நெறி எங்கே? விடை அந்த இரத்தச் சளியிலேயே இருந்தது. கிருமி நுரையீரலில் குடிகொண்டிருக்கிறது; இருமும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறி அடுத்தவரின் மூச்சுக்குள் போகிறது. எலியும் வேண்டாம், தெள்ளும் வேண்டாம். மனிதரிடமிருந்து நேரே மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் பிளேக் இது என்று வூ முடிவு செய்தார். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை இறுக மூடிக்கொண்டு, ஒரே மேடையில் வரிசையாகப் படுத்துறங்கும் கூலித் தொழிலாளர் விடுதிகள் அதற்கு ஏற்ற களமாக இருந்தன.

முடிவு தெளிவானதும் செயல் தெளிவானது. காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியைப் பல மடிப்பாக்கி, நடுவே பஞ்சு வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் முகக்கவரி ஒன்றை வூ வடிவமைத்தார். செலவு மிகக் குறைவு, யாரும் செய்துகொள்ளலாம். மருத்துவர், தாதியர், பிணம் தூக்குவோர், காவலர் எல்லோரும் அதை அணிய வேண்டும் என்றார்.

எல்லோரும் ஏற்கவில்லை. ஜெரால்ட் மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் தியன்சின் மருத்துவக் கல்லூரியின் மூத்த பேராசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் நெறிகட்டும் பிளேக்கை எதிர்த்துப் பணியாற்றியவர். பிளேக் என்றால் எலிதான் என்பது அவர் அனுபவம். ஹார்பினுக்கு வந்த அவர் முப்பத்தோரு வயது சீன இளைஞர் தமக்கு எடுத்துச் சொல்வதைப் பொறுக்கவில்லை, கடுஞ்சொற்களால் அவமதித்தார். தலைமைப் பொறுப்பைத் தமக்கே தரவேண்டும் என்றும் கேட்டார். வூ பதிலுக்குச் சண்டையிடவில்லை; பதவி விலக அணியமாக இருப்பதாகத் தலைநகருக்குத் தந்தி அடித்தார். அரசு வூவின் பக்கம் நின்றது. மெனி ரஷ்ய மருத்துவமனைக்குச் சென்று, மேலங்கியும் கையுறையும் அணிந்து, முகத்தை மட்டும் மூடாமல் பிளேக் நோயாளிகளின் நெஞ்சைச் சோதித்தார். சில நாளில் அவருக்கே காய்ச்சலும் இருமலும் கண்டன. சளியில் இரத்தம் வந்தது. 1911 ஜனவரி 11ஆம் நாள் அவர் இறந்தார்.

மெனி கெட்டவர் அல்லர். அறிவில் குறைந்தவரும் அல்லர். ஆபத்தான ஊருக்குத் தாமே வந்து நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தவர். முன்பு கண்ட நோயே இதுவும் என்று நம்பியதுதான் அவர் செய்த பிழை. வாதத்தில் வெற்றி பெற்ற வூவுக்கு அந்த வெற்றி மகிழ்ச்சி தந்திருக்க முடியாது. ஆனால், அதன் பிறகு ஹார்பின் தெருக்களில் முகக்கவரி இல்லாத முகத்தைக் காண்பது அரிதாயிற்று.

பூஜியாதியன் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்தாருக்கும் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் எனக் கைப்பட்டை தரப்பட்டது. ஒரு வட்டாரத்தார் அனுமதியின்றி மற்றொன்றுக்குப் போக முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் காவலுக்கு வந்தனர். நாள்தோறும் வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளியோடு பழகியவர்களைத் தனித்து வைக்க இடமில்லாதபோது, ரஷ்ய இருப்புப்பாதை நிருவாகத்திடமிருந்து சரக்கு வண்டிப் பெட்டிகளை வூ கேட்டு வாங்கினார். கணப்படுப்பு வைத்த அப்பெட்டிகளே தனிமை முகாம்களாயின. சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பத் துடித்த தொழிலாளர்களின் பயணமும் கட்டுப்படுத்தப்பட்டது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது மலேசியர்கள் கண்ட பலவும் நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்துவிட்டன.

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. ஜனவரி இறுதியில் வூ இடுகாட்டைப் பார்க்கச் சென்றார். ஆழம் வரை உறைந்து பாறையாகிவிட்ட மண்ணைத் தோண்ட முடியாமல், சவப்பெட்டிகளும் பெட்டியில்லா உடல்களும் பனியின் மேலேயே நெடுந்தூரத்துக்கு வரிசையாகக் கிடந்தன. ஈராயிரத்துக்கும் மேல். அக்குளிரில் கிருமி சாகாமல் இருக்கக்கூடும். எலிகள் அவ்வுடல்களைக் கடித்தால் நோய் வேறொரு வழியிலும் பரவும். எரித்துவிடுவதே ஒரே வழி.

இந்தியக் குடும்பங்களுக்கு எரியூட்டுவது முறையான இறுதிச் சடங்கு. சீன மரபில் நிலைமை வேறு. முன்னோர் உடலை முழுமையாக மண்ணில் சேர்த்து, ஆண்டுதோறும் கல்லறைக்குச் சென்று வணங்குவது பிள்ளைகளின் கடன். உடலை எரிப்பது பெற்றோரை அவமதிப்பதாகவே கருதப்பட்டது. வூ அம்மரபில் பிறந்தவர். அதன் வலியை அறிந்தவர். அதிகாரத்தைக் கொண்டு இரவோடிரவாக எரித்துவிட அவர் முனையவில்லை. உள்ளூர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் அழைத்துச் சென்று அக்காட்சியைக் காட்டினார். அவர்களும் சேர்ந்து பேரரசரின் ஆணையை வேண்டினர். மூன்று நாள் காத்திருந்தபின் ஆணை வந்தது.

ஜனவரி 31, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். உடல்களை நூறு நூறாக அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தனர். மக்கள் தொலைவில் நின்று பேச்சின்றிப் பார்த்தனர். கலகம் எழும் என்று அஞ்சியிருந்தனர், எழவில்லை. தீயை மூட்டச் சொன்னவரின் மனத்தில் அன்று என்ன இருந்ததோ! அந்நாளிலிருந்து சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மார்ச் முதல் நாளில் பூஜியாதியனில் கடைசி நோயாளி பதிவானார். அச்சிற்றூரில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். நோய்த்தடுப்புப் பணியாளர்களிலும் ஏறத்தாழ முந்நூறு பேர் உயிரிழந்திருந்தனர். மஞ்சூரியா முழுவதிலும் இறந்தோர் 60,000 பேர்.

அதே ஆண்டு ஏப்ரலில் முக்டன் நகரில் அனைத்துலகப் பிளேக் மாநாடு கூடியது. பதினொரு நாடுகளின் அறிஞர்கள் வந்திருந்த அவ்வவைக்கு வூ தலைமை ஏற்றார். பின்னர் எல்லைப் புல்வெளிகளுக்குச் சென்று, உரோமத்துக்காக வேட்டையாடப்பட்ட தார்பகன் என்னும் வளைவாழ் விலங்கை ஆராய்ந்தார். அதன் தோலுக்கு விலை ஏறியதும் அனுபவமில்லா வேடர்கள் நோயுற்ற விலங்குகளையும் பிடித்துத் தோலுரித்தனர்; நோய் மனிதருக்கு வந்த வழி அதுவென்று கருதப்பட்டது. 1920இல் மீண்டும் பிளேக் தலைகாட்டியபோது வூவின் தடுப்புப் பணித்துறை விழிப்போடு இருந்தது. அம்முறை இறந்தோர் ஒன்பதாயிரம் பேர் அளவில் நின்றனர். சீன மருத்துவச் சங்கத்தை 1915இல் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். மருத்துவமனைகள் பல கட்டினார். துறைமுக நோய்த்தடுப்புத் துறையை அமைத்தார். 1935இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

புகழுக்கு இணையாகத் துயரும் தொடர்ந்தது. அவருடைய மூன்று மகன்களில் இருவர் சீனாவில் இறந்தனர். 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் அவரை ஒற்றர் என்று ஐயுற்றுத் தடுத்து வைத்தனர். 1937இல் மனைவியும் மறைந்தார். அதே ஆண்டில் ஜப்பானியப் படைகள் ஷங்ஹாயைத் தாக்கின. முப்பது ஆண்டு உழைப்பைப் பின்னால் விட்டுவிட்டு, அவர் மலாயாவுக்குத் திரும்பினார். ஈப்போவில் குடியேறி, புரூஸ்டர் சாலையில் சாதாரண மருத்துவராகப் பெயர்ப் பலகை மாட்டினார்.

போர் அவரை இங்கும் விடவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1943ஆம் ஆண்டு, காட்டிலிருந்த எதிர்ப்புப் போராளிகள் அவரைப் பிடித்துச் சென்று பணம் கேட்டனர். பணம் கொடுத்து மீண்டவரை, போராளிகளுக்கு நிதி கொடுத்தவர் என்று ஜப்பானியர் தண்டிக்க இருந்தனர். முன்பு அவரிடம் மருத்துவம் பெற்றிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரின் தயவால் உயிர் பிழைத்தார்.

அவர் ஈப்போவில் நோயாளிகளைப் பார்த்த தொடக்க ஆண்டுகளில், நெஞ்சு நோய்க்கு மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நல்ல உணவு, ஓய்வு, காற்றோட்டம் இவையே காசநோயாளிக்குச் சொல்லப்பட்டவை. காசத்தையும் பிளேக்கையும் குணப்படுத்த வல்ல ஸ்திரெப்தோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஹார்பினுக்கு முப்பது ஆண்டு பிந்திவிட்டது. மருந்து வந்த பின்னரும் முதல் கேள்வி மாறவில்லை: இந்த இரத்தம் எங்கிருந்து, எதனால் வருகிறது? நெடுநாள் நெஞ்சுநோய் உள்ளவர் இரத்தம் கக்கினால் அது காசமாக இருக்கலாம். முன்பு வந்த நோயால் மூச்சுக்குழாய்கள் விரிந்து புண்பட்டிருக்கலாம். காசம் குணமான பழைய குழியில் பூஞ்சை வளர்ந்திருக்கலாம். புகைபிடிப்பவருக்குப் புற்றுநோயாக இருக்கலாம். நுரையீரலில் குறையே இல்லாமல், இதயத்தின் அடைப்பிதழ் சுருங்கியதாலும் இரத்தம் வரலாம். மூக்கிலிருந்தோ ஈறிலிருந்தோ வந்த இரத்தத்தை நெஞ்சிலிருந்து வந்ததாக எண்ணி அஞ்சுவோரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆகவே மருத்துவர் முதலில் கேட்கிறார்: எத்தனை நாள் இருமல்? என்ன நிறம்? எவ்வளவு? வீட்டில் வேறு யாருக்கும் உண்டா? பிறகு சளிச் சோதனை, ஊடுகதிர்ப் படம். தேவையானால் மூச்சுக்குழாய்க்குள் சிறு குழாயைச் செலுத்திப் பார்த்தல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று அரசு மருந்தகங்களில் இன்றும் சொல்வது இதனால்தான்.

ஈப்போவில் வூ மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. நகருக்கு ஓர் இலவசப் பொது நூலகம் வேண்டும் என்று நன்கொடை திரட்டினார். அவ்வாறு தோன்றிய பேரா நூலகமே இன்றைய துன் ரசாக் நூலகம். எண்பது வயதுவரை மருந்தகத்துக்குச் சென்று வந்தார். அவ்வயதில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். 1959இல் அது கேம்பிரிட்ஜில் நூலாக வெளிவந்தது. இறுதி நாள்களைப் பிறந்த ஊரில் கழிக்க விரும்பிப் பினாங்கில் ஒரு வீடு வாங்கினார். அவ்வீட்டில் நெடுநாள் வாழ அவருக்கு வாய்க்கவில்லை. 1960ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள் காலமானார்.

மறு ஆண்டு, 1961இல், மலாயாவில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசி போடும் வழக்கமும் அதனோடு வேரூன்றியது. மலேசியர் பலரின் மேற்கையில் காணும் சிறு தழும்பு அதன் அடையாளம். ஈப்போ கார்டன் சவுத் குடியிருப்பில் ஒரு சாலை டாக்டர் வூ லியன் தேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோறனி நச்சில் பரவிய காலத்தில், முகக்கவரி அணிந்து அச்சாலையைக் கடந்தவர்களில் சிலராவது அப்பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்திருக்கக்கூடும்.